வெளிநாடு போய்ச் சேர்ந்துவிட்டீர்கள், சரி. சென்னை வீட்டுச் சாவி யாரிடம் இருக்கிறது?

என்.ஆர்.ஓ. வங்கிக் கணக்கு, டிரைவிங் லைசென்ஸ், பிள்ளைகளுக்குப் பள்ளி என்று புதிதாகப் போனவர்கள் ஆயிரம் கேள்வி கேட்கிறீர்கள். மடிப்பாக்கத்திலோ போரூரிலோ விட்டுவிட்டுப் போன வீட்டைப் பற்றி யாரும் கேட்பதில்லை. கேட்கிறபோது உள்ளே வேறொரு குடும்பம் குக்கர் வைத்துக்கொண்டிருக்கும். சென்னையில் சிவில் வழக்கு பார்க்கிறவன் என்ற முறையில் சிலவற்றை எழுதுகிறேன். உங்கள் பத்திரத்தைப் பார்க்காமல் யாரும் சொல்லும் ஆலோசனைக்கு ஓர் எல்லை உண்டு, என்னுடையதற்கும்தான்.

பூட்டை உடைத்து நுழைகிறவர்கள் குறைவு. என்னிடம் வரும் வழக்குகளில் பெரும்பாலும் வீட்டுக்காரரே சாவி கொடுத்திருப்பார்: தூரத்துச் சொந்தம், பழைய டிரைவர், தரகர், 'ரெண்டு மாசம் இருந்துக்கறேன் சார்' என்ற நண்பர். அவர் எந்த உரிமையில் உள்ளே வந்தார் என்பதற்கு ஒரு துண்டுக் காகிதம் இருந்தால் வழக்கு பாதி முடிந்த மாதிரி. அது இல்லாமல்தான் வருஷக்கணக்கில் இழுக்கிறது.

சென்னைக்கே உரிய ஒரு மோசடியைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். ஒருவர் வந்து உங்கள் ஃபிளாட்டை மாத வாடகைக்கு எடுப்பார். 'கம்பெனி கெஸ்ட் ஹவுஸ்' என்பார், அல்லது 'நாங்களே வீட்டைப் பராமரிக்கிறோம், நீங்கள் அங்கே நிம்மதியாக இருங்கள்' என்பார். சில மாதம் வாடகை ஒழுங்காக வரும். அதற்குள் அதே வீட்டைத் தன்னுடையது போலக் காட்டி, இன்னொரு குடும்பத்திடம் சில லட்சங்களை மொத்தமாக வாங்கிக்கொண்டு லீசுக்கு விட்டிருப்பார். ஒருநாள் வாடகை நிற்கும், போன் அணைந்திருக்கும். நீங்கள் அனுப்பும் மச்சான் கதவைத் தட்டினால், திறக்கிற அம்மா 'நாங்க லீஸ் பணம் குடுத்திருக்கோம், பணத்தைக் குடுங்க, காலி பண்றோம்' என்பார். அவரும் ஏமாந்தவர்தான், அதனால் போலீசும் அவரைத் தூக்கி வெளியே போடாது. ஆனால் அந்தப் பணத்தை நீங்கள் வாங்கவில்லை. அதை அவர் கேட்க வேண்டியது இடையில் இருந்தவரிடம். அந்த ஆள் மீது இருவரும் சேர்ந்தே மோசடிப் புகார் கொடுக்கலாம். பல நேரம் காலி செய்ய வைக்கும் பேச்சும் அங்கிருந்துதான் தொடங்கும்.

இதைத் தடுக்க ஒரு சட்டமே இருக்கிறது. பழைய 1960 வாடகைச் சட்டம் போய், 2017இல் இயற்றிய தமிழ்நாடு வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகார அமைப்பில் பதிய வேண்டும். உங்கள் எழுத்துப்பூர்வச் சம்மதம் இல்லாமல் உள்வாடகைக்கு விடக் கூடாது. விட்டால் அதுவே காலி செய்யச் சொல்லக் காரணம். வாடகைப் பாக்கியும் அப்படித்தான். வழக்கு வாடகை நீதிமன்றத்துக்குப் போகும், சாதாரண சிவில் தாவாவைவிட வேகமாக நகரும். தண்ணீரையும் கரண்டையும் நிறுத்தி விரட்டப் பார்க்காதீர்கள், இந்தச் சட்டமே அதைத் தடுக்கிறது.

அடுத்து, வாட்ஸ்அப்பில் சுற்றும் 'பன்னிரண்டு வருஷம் இருந்தால் வீடு அவனுக்கு' என்ற பயம். அதற்கு ஒரு அடிப்படை உண்டு. 1963 காலவரையறைச் சட்டப்படி, உரிமையாளர் தன் சொத்தைத் திரும்பக் கேட்டு வழக்குப் போட 12 ஆண்டு. அதைத் தாண்டினால் அவர் உரிமையே போய்விடும். எதிரிடை அனுபோகம் என்று தாவாக்களில் எழுதுவது இதைத்தான். எதிரியைத் தடுக்க மட்டுமல்ல, தானே வாதியாகப் போய் உரிமை கேட்கவும் இதைப் பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2019இல் சொல்லிவிட்டது. ஆனால் சும்மா இருந்தால் போதாது. உங்கள் உரிமையை மறுத்து, வெளிப்படையாக, இடைவிடாமல் இருந்ததை அவர் நிரூபிக்க வேண்டும். உங்கள் அனுமதியில் இருப்பவருக்கு அந்தக் கணக்கு ஓடாது. வாடகைதாரர் குடியிருந்துகொண்டே வீட்டுக்காரரின் உரிமையை மறுக்க முடியாது. காவலாளி, வேலைக்காரர், பராமரிப்பாளர் எத்தனை காலம் இருந்தாலும் சொத்தில் உரிமை வராது என்று 2012இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகவே தீர்ப்பளித்தது.

முன்பின் தெரியாதவர் புகுந்துவிட்டால் நாட்களை எண்ண ஆரம்பியுங்கள். உடனே போலீஸ் புகார். 'சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்க' என்பார்கள், பரவாயில்லை, புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீது வாங்காமல் திரும்ப வேண்டாம் என்று ஊரில் இருப்பவரிடம் சொல்லிவிடுங்கள். அத்துமீறி வீட்டுக்குள் நுழைவது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 329ஆம் பிரிவின் கீழ் குற்றம். போலிப் பத்திரமும் சேர்ந்திருந்தால் வேப்பேரி கமிஷனர் அலுவலகத்தில் மத்தியக் குற்றப்பிரிவுக்குப் போங்கள். முகவரியில் சென்னை என்று இருந்தாலும் 2022 முதல் தாம்பரத்துக்கும் ஆவடிக்கும் தனிக் கமிஷனர்கள். எந்த எல்லை என்று முதலில் பாருங்கள், இல்லாவிட்டால் அலைய விடுவார்கள். கைகலப்பு வரும் நிலை என்றால் நிர்வாக நடுவரிடம் (எக்ஸிக்யூட்டிவ் மாஜிஸ்திரேட்) போகலாம். போலீஸ் அறிக்கைக்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரை, சுவாதீனத்தில், அதாவது இடத்தைக் கையில் வைத்து, இருந்தவராகவே அந்த நடுவர் கருத முடியும்.

இதைவிட முக்கியமானது 1963 குறித்தவகை நிவாரணச் சட்டத்தின் 6ஆம் பிரிவு. உங்கள் சுவாதீனம் சட்ட வழியின்றிப் பறிபோனால், பறிபோன நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் வழக்குப் போடலாம். வீடு யாருடையது என்ற விவாதமே அதில் வராது. யார் இருந்தார், யார் பறித்தார், அவ்வளவுதான். உங்களுக்குத் தெரியவந்த நாளிலிருந்து அந்த ஆறு மாதத்தை எண்ண மாட்டார்கள். வெளிநாட்டில் இருப்பவர்கள் கோட்டைவிடுவது இங்கேதான். மாதம் ஒருமுறை யாராவது போய்க் கதவைத் திறந்து பார்த்து போட்டோ அனுப்பினால் போதும்.

ஆள் வைத்துத் தூக்கிப் போடலாமா என்று கட்டாயம் ஒருவர் கேட்பார். வேண்டாம். நிலையாகக் குடியமர்ந்தவரை, அவர் அத்துமீறி வந்தவரே ஆனாலும், சட்டப்படிதான் வெளியேற்ற வேண்டும். பலவந்தம் செய்தால் அதே 6ஆம் பிரிவை அவர் உங்கள் மீது திருப்புவார். கட்டப் பஞ்சாயத்துக்காரர் வந்தால் செலவு இரட்டிப்பு: ஆக்கிரமித்தவருக்கு ஒன்று, அவருக்கு ஒன்று.

ஆறு மாதம் தாண்டிவிட்டால் உரிமை விளம்புகையும் (வீடு உங்களுடையது என்ற கோர்ட் அறிவிப்பு) சுவாதீனமும் கேட்டு முழு வழக்கு. கோர்ட் கட்டணம் சந்தை மதிப்பில் 3 சதவீதம். 2017க்கு முன் ஏழரை. இப்போதும் ஒரு கோடி ரூபாய் வீட்டுக்கு 3 லட்சம் ஆகும். தீர்ப்பு வந்ததும் சாவி வந்துவிடாது. தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு, கோர்ட் ஊழியரான அமீனா, போலீஸ் பாதுகாப்பு, பூட்டுடைக்க உத்தரவு என்று இன்னொரு சுற்று இருக்கிறது.

இதையெல்லாம் நீங்கள் அங்கிருந்து செய்ய பவர் பத்திரம் வேண்டும். இந்தியத் தூதரகத்தில் சான்று வாங்கி அனுப்புங்கள். இந்தியா வந்து மூன்று மாதத்துக்குள் முத்திரைக் கட்டணம் கட்ட வேண்டும். பராமரிப்புக்கும் வழக்குக்கும் மட்டும் அதிகாரம் கொடுங்கள், விற்கும் அதிகாரத்தைச் சேர்க்காதீர்கள். உங்களுக்கு நேரடியாகத் தெரிந்ததை முகவர் உங்களுக்குப் பதிலாகச் சாட்சியம் சொல்ல முடியாது. கூண்டேறவோ காணொலியில் வரவோ தயாராக இருங்கள்.

கீழே வந்த கேள்விகளுக்கு:

வாட்ச்மேன் குடும்பத்தோடு தங்கியிருக்கிறார் என்றவருக்கு: காவல் வேலைக்காக, சம்பளத்துக்கு, அனுமதியின் பேரில் தங்கியிருக்கிறேன் என்று இன்றே எழுதி வாங்குங்கள். சம்பளத்தை வங்கி வழியாகப் போடுங்கள். ஈ.பி. இணைப்பும் சொத்து வரியும் உங்கள் பெயரிலேயே தொடரட்டும்.

ஈ.சி.ஆர். பக்கம் காலி மனை வைத்திருப்பவருக்கு: வேலி, பெயர்ப்பலகை, உங்கள் பெயரில் பட்டா. பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை இலவசமாகப் பார்க்கலாம். அவ்வப்போது பாருங்கள், உங்களுக்குத் தெரியாத பத்திரம் பதிவாகியிருந்தால் அதில் தெரியும்.

அண்ணன் அப்பா வீட்டை விட்டுப் போக மறுக்கிறார் என்றவருக்கு: அவரை ஆக்கிரமிப்பாளராக நினைத்து இந்த வழிகளில் இறங்காதீர்கள். அப்பா உயில் எழுதாமல் போயிருந்தால் நீங்கள் இருவரும் கூட்டுரிமையாளர்கள். ஒருவர் இருப்பது மற்றவருக்காகவும் இருப்பதாகத்தான் சட்டம் பார்க்கும், உங்கள் பங்கை அவர் வெளிப்படையாக மறுக்காதவரை. உங்களுக்குத் தேவை பாகப்பிரிவினை. வாரிசுச் சான்றிதழும் மூலப்பத்திர நகலும் எடுத்துக்கொண்டு, முதலில் அண்ணியிடம் பேசிப் பாருங்கள்.