அச்சுப்பொறியின் கலர் புரொபைல்கள் பட்டியலில் இல்லை

கேள்வி (கிளிநொச்சி):
வணக்கம். இங்கு சிறியதொரு ஸ்ரூடியோ நடத்துகிறேன். கணினியில் விண்டோஸ் 11ஐப் புதிதாக நிறுவிய பின்னர், போட்டோஷொப்பின் அச்சிடும் சாளரத்தில் தாள் வகைக்கு ஒன்றாக இருந்த எமது ஆறு வர்ண அச்சுப்பொறியின் புரொபைல்கள் (வர்ணங்களை எப்படி அச்சிட வேண்டும் என்று சொல்லும் கோப்புகள்) எவையும் தென்படவில்லை; எஸ்ஆர்ஜிபி, அடோபி ஆர்ஜிபி போன்ற பொதுவானவை மட்டுமே இருக்கின்றன. அவற்றைத் தெரிவுசெய்து அச்சிட்டால் மணப்பெண்ணின் கூறைச்சேலை மண்ணிறமாக வருகிறது. அச்சுப்பொறியுடன் வந்த சீடி கைவசம் இல்லை. பழைய வன்தட்டு மட்டும் அழிக்கப்படாமல் இருக்கிறது. என்ன செய்யலாம்?

பதில் (வவுனியா):
அச்சுப்பொறியில் பழுது இல்லை. யூஎஸ்பி வயரைச் செருகியதும் விண்டோஸ் தானாகவே ஒரு பொது டிரைவரை, அதாவது அச்சுப்பொறியை இயக்கும் மென்பொருளை, போட்டிருக்கும். அச்சிடுவதற்கு அது போதும். ஆனால் தாள் வகைகளுக்கான புரொபைல்கள் தயாரிப்பாளரின் முழு டிரைவர்ப் பொதியுடன்தான் வரும். ஆகவே செட்டிங்ஸில் அச்சுப்பொறியை நீக்கி, வயரைக் கழற்றிவிட்டு, உங்கள் மொடலுக்குரிய பொதியைத் தயாரிப்பாளரின் தளத்திலிருந்து இறக்கி நிறுவுங்கள். அது கேட்கும் கட்டத்தில் மட்டும் வயரைச் செருகுங்கள். சீடியைத் தேடி அலைய வேண்டாம்.

பதில் (மாங்குளம்):
வன்தட்டு இருக்கும்போது டேட்டாவைச் செலவழிப்பானேன்? அதில் விண்டோஸ், சிஸ்டம்32, ஸ்பூல், டிரைவர்ஸ், கலர் என்று ஒன்றினுள் ஒன்றாகத் திறந்து சென்றால், ஐசிசி அல்லது ஐசிஎம் என முடியும் கோப்புகள் கிடக்கும். பெயர்கள் தயாரிப்பாளரின் சுருக்கக் குறியீடுகளாகவே இருக்கும்; மொடல் இலக்கத்தைப் பார்த்துப் பிரித்தெடுங்கள். திரைக்குரியவையும் அதே இடத்தில் இருக்கும், அவை வேண்டாம். உரியவற்றைப் பிரதி செய்து, ஒவ்வொன்றின் மீதும் வலது சொடுக்கு இட்டு 'இன்ஸ்டோல் புரொபைல்' கொடுங்கள். போட்டோஷொப் திறந்திருந்தால் மூடித் திறவுங்கள், இல்லாவிடில் பட்டியல் பழையபடியே நிற்கும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. புரொபைல்கள் வந்துவிட்டன. சேலை இப்போது சிவப்புத்தான், ஆனால் முகங்கள் அளவுக்கு மீறிச் சிவந்து தெரிகின்றன.

பதில் (வவுனியா):
வர்ணம் இரு தடவை திருத்தப்படுகிறது போலும். அச்சிடும் சாளரத்தில் 'போட்டோஷொப் மனேஜஸ் கலர்ஸ்' (வர்ணத்தைப் போட்டோஷொப்பே கையாளும்) என்று வைத்தால், அச்சுப்பொறியின் சொந்த வர்ணத் திருத்தத்தை டிரைவரில் நிறுத்த வேண்டும். தாள் வகையும் புரொபைலுடன் பொருந்த வேண்டும். அதன் பின்னரும் சரிவராவிட்டால் மையைப் பாருங்கள். தயாரிப்பாளரின் புரொபைல் அவருடைய மைக்கும் தாளுக்கும் அளந்தது. வெளியில் வாங்கி ஊற்றும் மைக்கு அது பொருந்தாது. அதற்கு வர்ணக் கட்டங்களை அச்சிட்டு, அளவிடும் கருவியால் அளந்து, தனிப் புரொபைல் உருவாக்க வேண்டியிருக்கும்.