சேலமா, ஏற்காடா? இருந்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்

வணக்கம். அம்மாவுக்கு ஆஸ்துமா. சேலத்தில் அஸ்தம்பட்டி பக்கம் மேல்மாடி வீடு, வெயில் 40 டிகிரியைத் தாண்டும் நாட்களில் ராத்திரி பதினொரு மணிக்கும் சுவரைத் தொட்டால் சுடுகிறது, ஃபேனில் அனல்தான் வருகிறது, அம்மா தூங்காமல் கட்டிலில் உட்கார்ந்தே இருக்கிறார். பார்க்கவே முடியவில்லை. அதனால் ஏற்காட்டில் வாடகைக்கு வீடு பார்க்கலாமா என்று யோசிக்கிறோம்.

சுமார் 1500 மீட்டர் உயரம், வெயில் தொல்லை இருக்காது, சரி. ஆனால் மழைக்காலத்தில் துணியே காயாது, சுவரெல்லாம் பூஞ்சை பிடிக்கும் என்கிறார்களே, அந்த ஈரம் ஆஸ்துமாவுக்கு ஒத்துக்கொள்ளுமா?

அப்புறம் ஆஸ்பத்திரி. இதுதான் என் பெரிய பயம். நடுராத்திரியில் மூச்சுத் திணறினால் 20 கொண்டை ஊசி வளைவு இறங்கி சேலம் வர வேண்டும். 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையில் மண் சரிந்து மலைப்பாதையே அடைபட்டது. அப்படி ஆனால் கீழே இறங்கும் இன்னொரு பாதையான குப்பனூர் வழியை நம்பலாமா? மேலே ராத்திரியில் டாக்டர் கிடைப்பாரா, 108 வர எவ்வளவு நேரம் ஆகும்?

சுற்றுலா வந்து போனவர்கள் இல்லை, வயதானவர்களோடு வருஷம் முழுக்க அங்கே குடியிருப்பவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள். வாடகை, தண்ணீர் நிலவரமும் தெரிந்தால் நல்லது. சேலத்திலேயே காற்றோட்டமான தரைத்தள வீடு போதும் என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள்.