குரோம் பிளேட்டிங் தொட்டியில் நிற்கிற தம்பிக்கு மூக்கில் ரத்தம், நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுத்தால் போதுமா?

கோவை_அக்கா:
என் தம்பி கோவை கணபதி ஏரியாவில் ஒரு பட்டறையில் ஹார்டு குரோம் தொட்டியில் வேலை செய்கிறான். ராடு, ஷாஃப்ட்டுக்கெல்லாம் குரோம் ஏற்றுவது. கொஞ்ச நாளாகக் காலையில் மூக்கைச் சிந்தினால் ரத்தம் கலந்த பொருக்கு வருகிறது. விரல் முட்டியில் ஒரு புண், துளை போட்ட மாதிரி வட்டமாக, ஓரம் தடித்து, ஆறவே மாட்டேன் என்கிறது. வலிக்கவில்லை என்று சொல்லி டாக்டரிடமும் போகவில்லை. முதலாளி துணி மாஸ்க் கொடுத்திருக்கிறார், சாயந்தரம் ஆளுக்கு ஒரு டம்ளர் பால். பால் குடித்தால் ஆசிட் முறிந்துவிடும் என்று அங்கே எல்லாரும் நம்புகிறார்கள். வேலையை விடச் சொன்னால் கேட்க மாட்டான். என்ன செய்யலாம்?

பழைய_பிளேட்டர்:
அக்கா, நானும் இதே வேலையில் பல வருஷம் இருந்தவன். பால், வெல்லம் எதுவும் முறிக்காது, வயிற்றுக்குப் போகிற பால் தொட்டியிலிருந்து கிளம்பி மூக்கிலும் நுரையீரலிலும் போய் உட்கார்ந்த குரோமிக் ஆசிட்டை என்ன செய்யும்? அந்தப் புண் வலிக்காததுதான் அதன் குணமே. மூக்கிலும் அப்படித்தான், நடுத்தண்டில் ஓட்டை விழுந்து மூச்சு விடும்போது விசில் மாதிரி சத்தம் வந்த பிறகுதான் சிலருக்குத் தெரியவே வரும்.

மாஸ்க் கடைசிப் பாதுகாப்புதான். கரண்ட் ஓடும்போது தொட்டியில் சின்னச் சின்னக் குமிழாக வாயு கிளம்பி மேலே வந்து வெடிக்கும், ஒவ்வொன்றும் ஆசிட்டைத் தூவானமாகத் தூக்கி எறியும், குனிந்து ராடு மாட்டுகிறவன் முகம் நேர் மேலே இருக்கும். அதை அங்கேயே பிடிக்க வேண்டும். தொட்டி விளிம்பிலேயே நீளமாக உறிஞ்சுகிற வாய் வைத்த எக்ஸாஸ்ட் வேண்டும், கூரையில் ஃபேன் வைத்தால் தூவானம் முகத்தைத் தாண்டித்தான் மேலே போகும். மேலே மிதக்கிற பிளாஸ்டிக் பந்துகளும், தூவானத்தை அடக்குகிற கெமிக்கலும் கடையில் கிடைக்கின்றன. எக்ஸாஸ்ட் இருந்தால் வேலை செய்கிறதா என்று தம்பியைப் பார்க்கச் சொல்லுங்கள்: தொட்டி ஓரத்தில் ஊதுபத்தியைப் பிடித்தால் புகை சட்டென்று அந்த வாய்க்குள் இழுபட வேண்டும், நேராக மேலே போனால் அது சும்மா ஓடுகிறது. இந்த ஆசிட்டில் இருக்கிற குரோமியத்துக்கு அமெரிக்காவில் 2006இல் வைத்த வரம்பு ஒரு கன மீட்டர் காற்றுக்கு வெறும் 5 மைக்ரோகிராம். கண்ணுக்கு மஞ்சளாக மூட்டம் தெரிந்தால் அதெல்லாம் எப்போதோ தாண்டியாயிற்று.

இதெல்லாம் செய்த பிறகு மாஸ்க். துணி மாஸ்க் ஆகாது, ரப்பர் விளிம்போடு முகத்தில் ஒட்டி நிற்கிற, ஃபில்டர் மாற்றுகிற வகை. தாடி இருந்தால் இடைவெளி விழும். கைக்கு முழங்கை வரை வருகிற பிவிசி கிளவுஸ், தினமும் காற்று ஊதிப் பார்த்து ஓட்டை இருந்தால் தூக்கிப் போட வேண்டும்.

இஎஸ்ஐ_உதவி:
முதலில் டாக்டர். இ.எஸ்.ஐ. கார்டு இருந்தால் சிங்காநல்லூர் மருத்துவமனைக்குப் போய் மூக்கையும் தோலையும் காட்டுங்கள், "குரோமிக் ஆசிட் தொட்டியில் வேலை" என்று சொல்லிச் சீட்டில் எழுத வையுங்கள். அதை எழுதாவிட்டால் சளி, சொறி என்று மருந்து கொடுத்து அனுப்பிவிடுவார்கள். குரோமியத்தால் வருகிற நோய் சட்டத்தின் தொழில்நோய்ப் பட்டியலில் இருக்கிறது, நஷ்டஈடு கேட்கும்போது அந்தச் சீட்டுதான் ஆதாரம். இந்தக் குரோமியம் நுரையீரல் புற்றுநோய் வரை கொண்டுபோகும், ஆகவே தள்ளிப்போட வேண்டாம்.

முதலாளி கேட்கவில்லை என்றால் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்துக்கு மனு எழுதலாம். பெயரை வெளியே சொல்ல வேண்டாம் என்று மனுவிலேயே கேளுங்கள். ஆனால் தம்பி மட்டும் போய் நிற்காமல், தொட்டியில் நிற்கிற எல்லாரும் சேர்ந்து முதலாளியிடம் பேசுவது நல்லது. ஒருத்தன் பேசினால் மறுநாள் வராதே என்பார்கள், நாலு பேர் பேசினால் யோசிப்பார்கள்.

கோவை_அக்கா:
ரொம்ப நன்றி. திங்கட்கிழமை கூட்டிப் போகிறேன். அவன் சட்டையில் மஞ்சள் கறை இருக்கும், அதை என் பையன் யூனிஃபார்மோடுதான் துவைக்கிறேன். பரவாயில்லையா?

பழைய_பிளேட்டர்:
வேண்டாம் அக்கா, இன்றைக்கே நிறுத்துங்கள். காய்ந்த கறை உதறும்போது தூளாகப் பறக்கும். வேலைச் சட்டையும் செருப்பும் பட்டறையிலேயே இருக்கட்டும், அங்கேயே துவைக்க முதலாளியைக் கேளுங்கள். குளித்து, மாற்றுத் துணி போட்டுக்கொண்டு வீட்டுக்கு வரட்டும். டீ குடிக்கப் போவதற்கு முன் கை முகம் கழுவச் சொல்லுங்கள், ஆசிட் பட்ட ஈரக் கையால் மூக்கைத் தொடுவதும் மூக்கில் புண் வர ஒரு காரணம். புண் ஆறும்வரை தொட்டிப் பக்கம் விடாமல் பாலிஷிங்கிலோ பேக்கிங்கிலோ போடச் சொல்லிக் கேட்டுப் பாருங்கள்.