ஆக்ராவில் ஒரு நாள், சில கைடுகள்

டில்லியிலிருந்து ஒரே நாளில் ஆக்ரா போய்வர நினைக்கிறவர்கள் தேதியைப் பார்ப்பதற்கு முன் கிழமையைப் பாருங்கள். வெள்ளிக்கிழமை தாஜ்மஹால் நமக்குக் கிடையாது. உள்ளூர்க்காரர்கள் மதியத் தொழுகைக்குப் போவார்கள், மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. டில்லியிலிருந்து ஆக்ராவுக்கு வேகமாகப் போகும் கதிமான் எக்ஸ்பிரஸ் ரயிலும் அன்றைக்கு ஓடாது. அப்படியிருந்தும் வெள்ளிக்கிழமைக்கு டூர் விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 'தாஜ் காட்சி' என்று சின்ன எழுத்தில் ஒரு வரி இருக்கும். யமுனைக்கு எதிர்க்கரையில் நிறுத்தி, தூரத்திலிருந்து காட்டிவிட்டுத் திருப்பிக் கூட்டி வருவார்கள். அந்தக் கரையில் மேதாப் பாக் என்ற அழகான தோட்டம் இருக்கிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் அதற்காகவா விடியற்காலையில் எழுந்து கிளம்பினோம்?

நாங்கள் முதல் தடவை போனது குடும்பமாக. அத்தை, மாமா, பிள்ளைகள், நான். டூர்காரர்கள் வேன் அனுப்பியிருந்தார்கள். யமுனா எக்ஸ்பிரஸ்வே 165 கி.மீ. நீளம், 2012-ல் திறந்தது. வண்டி அதில் ஏறிவிட்டால் ஆட்டமே தெரியாது, எல்லோரும் தூங்கிவிட்டோம். இந்த மாதிரி டூர்களில் கைடு பெரும்பாலும் டில்லியிலிருந்து வருவதில்லை. ஆக்ரா எல்லையில் ஏதாவது ஒரு பெட்ரோல் பங்க் பக்கத்தில் ஏறிக்கொள்வார். எங்களுக்கும் அப்படித்தான் ஒருவர் ஏறினார். இஸ்திரி போட்ட சட்டை, கறுப்புக் கண்ணாடி, நல்ல சிரிப்பு. ஏறியதும் "வணக்கம், சாப்பிட்டாச்சா?" என்று தமிழில் கேட்டார். அத்தை விழுந்தே போனார். அந்த இரண்டு சொல்லுக்கு மேல் அவருக்குத் தமிழ் தெரியாது என்பது அடுத்த நிமிடம் தெரிந்தது.

அவருடைய முதல் யோசனை: "முதலில் சலவைக்கல் வேலை எப்படி நடக்கிறது என்று பார்த்துவிட்டு வரலாம். அதைப் பார்த்தால்தான் தாஜ் புரியும்." கேட்க நியாயமாகத்தான் இருந்தது. அந்தப் பட்டறையில் முதல் பத்து நிமிடம் உண்மையிலேயே நன்றாக இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கையால் சுழற்றும் சாணைச் சக்கரத்தில், நகத்தளவு சிவப்புக் கல்லைப் பூவிதழாகத் தேய்க்கிறார் ஒருவர். வெள்ளைக் கல்லில் அதற்கேற்ற குழியைச் செதுக்கி, இதழை உள்ளே உட்கார வைக்கிறார். விளக்கை அணைத்து டார்ச் அடித்தால் அந்தச் சிவப்புக் கல் மட்டும் தணல் மாதிரி ஒளிர்கிறது. கார்னீலியன் ஒளியை உள்ளே விடும் கல், அதனால்தான். தாஜில் இருப்பதும் இதே வேலைதான்.

பதினோராவது நிமிடம் பக்கத்துக் கதவு திறந்தது. உள்ளே முழுக்க ஷோரூம். மேஜை, தட்டு, யானை, சின்ன சின்ன தாஜ்மஹால்கள். எங்களுக்குத் தண்ணீர் கொடுத்தார்கள், டீ கொடுத்தார்கள், நாற்காலி கொடுத்தார்கள். கைடு மட்டும் எங்கோ காணாமல் போய்விட்டார். ஒரு மேஜையைக் காட்டி விலையைச் சொன்னபோது மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அத்தைதான் காப்பாற்றினார். "ரொம்ப அழகா இருக்கு தம்பி. ஆனா இதைத் தினம் யார் துடைக்கிறது?" என்று கேட்டுவிட்டு எழுந்தே விட்டார். விற்கிறவருக்குத் தமிழ் புரியாவிட்டாலும் விஷயம் புரிந்துவிட்டது.

வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். சலவைக்கல் என்று சொல்லித் தெருவில் விற்பதில் நிறைய மாக்கல். மாக்கல்லை நகத்தால் கீறினாலே மாவாக வரும், சலவைக்கல் அப்படிக் கீறாது. கீறிப் பார்க்க விடமாட்டேன் என்று சொல்லும் கடையில் நமக்கு வேலை இல்லை என்று கிளம்பிவிடலாம்.

அந்தப் பட்டறையிலும் அதற்கடுத்த ஜமக்காளக் கடையிலும் போன நேரத்தை வேறெங்கோ ஈடுகட்ட வேண்டுமே. ஈடுகட்டியது ஆக்ரா கோட்டையில். "வெளியிலிருந்து போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே பெரிதாக ஒன்றும் இல்லை" என்றார் கைடு. இதுவரை ஆக்ராவில் நான் கேட்ட பொய்களிலேயே பெரியது அதுதான்.

மற்ற பொய்கள் கொஞ்சம் சுவாரசியமானவை. தாஜைக் கட்டிய கொத்தர்களின் கையை ஷாஜகான் வெட்டினான் என்ற கதையை அவரும் சொன்னார். அப்படி ஒரு காரியம் நடந்ததற்கு அந்தக் காலத்துச் சான்று எதுவும் கிடையாது. தாஜின் தலைமைக் கட்டடக் கலைஞர் என்று பொதுவாகச் சொல்லப்படுகிறவர் உஸ்தாத் அகமது லாஹோரி. தாஜ் வேலை நடந்துகொண்டிருந்தபோதே, 1639-ல், டில்லி செங்கோட்டை வேலை தொடங்கியது. அதுவும் இவர் பொறுப்பில்தான் என்று அவருடைய மகனே கவிதையில் எழுதி வைத்திருக்கிறார். ஒரு கட்டடம் முடிந்ததும் கையை வெட்டுகிற அரசனை நம்பி யார் அடுத்த கட்டடத்துக்கு வேலைக்கு வருவார்கள்? கைடிடம் கேட்டேன். "சார், எல்லோரும் இதைத்தான் எதிர்பார்க்கிறார்கள், சொல்லாவிட்டால் உனக்குத் தெரியவில்லை என்கிறார்கள்" என்றார். அந்தப் பதிலில் அவர் மேல் எனக்குக் கொஞ்சம் மரியாதை வந்தது.

ஷாஜகான் தனக்காக எதிர்க்கரையில் கறுப்புக் கல்லில் இன்னொரு தாஜ் கட்டத் தொடங்கினான் என்ற கதையும் அப்படித்தான். 17-ஆம் நூற்றாண்டில் வந்துபோன தவெர்னியே என்ற பிரெஞ்சு வைர வியாபாரி எழுதி வைத்ததிலிருந்து பரவியது. 1990-களில் மேதாப் பாக்கில் அகழ்வாய்வு செய்தபோது கறுப்புக் கட்டடம் ஒன்றும் கிடைக்கவில்லை. பெரிய எண்கோணக் குளம் ஒன்று கிடைத்தது. அதில் தாஜின் நிழல் விழுந்திருக்கும். எனக்கென்னவோ பொய்க் கதையைவிட இந்தக் குளம்தான் பிடித்திருக்கிறது.

அப்புறம் வேறொரு சமயம் நண்பர்களோடு போனோம். இந்தத் தடவை வேன் பேக்கேஜெல்லாம் வேண்டாம் என்று கதிமானில் போய் இறங்கினோம். 100 நிமிடத்தில் ஆக்ரா. சுற்றுலாத் துறை உரிமம் உள்ள கைடு ஒருவரை முன்பே பேசி வைத்திருந்தோம். அறுபதைத் தாண்டிய மனிதர், கழுத்தில் படம் போட்ட அடையாள அட்டை. பேசும்போதே, "கடைக்குப் போக மாட்டோம், அதற்கு உங்களுக்கு எவ்வளவு குறையுமோ அதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்" என்று கேட்டிருந்தோம். தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சந்தோஷமாகத்தான் ஒத்துக்கொண்டார். கடைகள் தரும் கமிஷன் வருமானத்தைக் கழித்துவிட்டால் கைடுகளுக்குக் கிடைப்பது சொற்பம் என்று போகிற வழியில் சொன்னார். கடைக்குக் கூட்டிப் போகிறவர்கள் எல்லோரும் விரும்பிப் போவதில்லை, டூர் ஏற்பாடு செய்கிறவர்களே பல சமயம் அந்தக் கணக்கில்தான் விலையைக் குறைத்து வைக்கிறார்கள். டூர் நம்ப முடியாத அளவுக்கு மலிவாக இருந்தால் மீதிப் பணம் எங்கிருந்தோ வர வேண்டும் அல்லவா.

பெட்ரோல் வண்டிகளைத் தாஜுக்கு 500 மீட்டருக்குள் விடுவதில்லை, பேட்டரி வண்டியில்தான் கடைசித் தூரம். இறங்கியதும் நாலு பேர் சூழ்ந்துகொண்டு "கவர்ன்மென்ட் கைடு, கவர்ன்மென்ட் கைடு" என்பார்கள். அட்டையைக் காட்டச் சொன்னாலே பாதிப் பேர் விலகிவிடுவார்கள். இந்தியர்களுக்கு நுழைவு 50 ரூபாய், கல்லறை மண்டபத்துக்குள் போவதென்றால் தனியாக 200. நாங்கள் போனபோது இதுதான் கட்டணம்.

பெரியவர் உள்ளே போனதும் கதை சொல்லத் தொடங்கவே இல்லை. நுழைவாயில் வளைவுக்குச் சற்று முன்னால் எங்களை நிறுத்தி, "வளைவுக்குள் தெரிகிற தாஜைப் பார்த்துக்கொண்டே மெதுவாக நடங்கள்" என்றார். நடக்க நடக்க அது பின்வாங்கிச் சிறுத்துப்போனது. திரும்பப் பின்னால் நடக்கச் சொன்னார். இப்போது பெரிதாகிக்கொண்டே வந்தது. எங்களோடு வந்த ஒருவன் முன்னும் பின்னுமாக நடந்துகொண்டே இருந்தான், கூட்டம் திட்டும் வரை. சட்டகம் பெரிதாகும்போது உள்ளே இருப்பது சிறிதாகத் தெரிகிறது, அவ்வளவுதான். ஆனால் யாராவது நிறுத்திக் காட்டாவிட்டால் செல்ஃபி எடுத்துக்கொண்டே தாண்டிப் போய்விடுவோம்.

அந்த வாயிலின் மேலே வரிசையாகக் குட்டிக் குவிமாடங்கள். முன்பக்கம் 11, பின்பக்கம் 11. தாஜ் கட்ட 22 வருஷம் ஆனதால் 22 என்று பக்கத்தில் இன்னொரு கைடு தன் கூட்டத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் பெரியவர் குரலைத் தாழ்த்தி, "வாசலைக் கட்டும்போதே வேலை எப்போது முடியும் என்று தெரிந்திருந்தால் அவன்தான் உலகத்திலேயே சிறந்த காண்ட்ராக்டர்" என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பிரதான வளைவைச் சுற்றி எழுதியிருக்கும் குர்ஆன் வசனங்களைக் கீழிருந்து மேல்வரை பார்க்கச் சொன்னார். எழுத்து எல்லாம் ஒரே அளவாகத்தான் தெரிந்தது. மேலே போகப் போக எழுத்தைப் பெரிதாக்கியிருப்பதால்தான் அப்படித் தெரிகிறதாம். எழுதியவர் அமானத் கான், தன் பெயரையும் பொறித்திருக்கிறார். நான்கு மினார்களும் லேசாக வெளிப்பக்கம் சாய்ந்தவை. நில நடுக்கத்தில் விழுந்தாலும் கல்லறை மேல் விழாமலிருக்க இந்த ஏற்பாடு என்பது பொதுவான விளக்கம். மேற்கே மசூதி, கிழக்கே அதே மாதிரி இன்னொரு கட்டடம். மேற்குக் கட்டடத்தின் தரையில் தொழுகை விரிப்புகளின் வடிவம் பதித்திருக்கிறது. கிழக்கில் அது இல்லை, மெக்காவின் திசை காட்டும் மாடமும் இல்லை. சமச்சீருக்காக மட்டும் அவ்வளவு பெரிய கட்டடம்!

இப்படிச் சமச்சீர் சமச்சீர் என்று பார்த்துவிட்டு உள்ளே போனால்தான் அந்த ஒரு பிசகு கண்ணில் படுகிறது. மும்தாஜின் கல்லறை சரியாக நடுவில். ஷாஜகானுடையது மேற்கே, அவளுடையதைவிடப் பெரிதாக, பிறகு கொண்டுவந்து சேர்த்தது. பார்ப்பது மேலே வைத்த அடையாளக் கல்லறைகளைத்தான், உண்மையானவை கீழ் அறையில் இருக்கின்றன. உள்ளே போட்டோ கூடாது. காவலர்கள் விசில் ஊதிக்கொண்டே இருப்பார்கள், கூட்டம் தள்ளிக்கொண்டே போகும், விளக்கம் சொல்ல வழியே இல்லை. அதனால் பெரியவர் வெளியே நிழலில் உட்கார வைத்து எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டுத்தான் எங்களை உள்ளே அனுப்பினார். தான் வரவில்லை. நல்ல கைடுக்கு இதைவிடப் பெரிய அடையாளம் எனக்குத் தெரியாது.

1992-ல் இளவரசி டயானா உட்கார்ந்த பெஞ்சில் உட்கார வரிசை நின்றது. நாங்கள் நிற்கவில்லை. அங்கே படம் எடுக்கிறவர்கள் குவிமாட நுனியை விரலால் பிடிக்கிற மாதிரிப் படம் எடுத்துத் தருவார்கள். வேண்டும் என்பவர்கள் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் எத்தனை படம், எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

கோட்டைக்கு வருகிறேன். அங்கே இரண்டு மணி நேரமாவது வேண்டும். அக்பர் 1565-ல் சிவப்பு மணற்கல்லில் கட்டத் தொடங்கியது. பேரன் ஷாஜகான் உள்ளே வெள்ளைச் சலவைக்கல் மாளிகைகளைச் சேர்த்தான். 1658-ல் மகன் ஔரங்கசீப் அவனை அங்கேயே சிறை வைத்தான், 1666-ல் இறக்கும் வரை. மூத்த மகள் ஜஹானாரா கூடவே இருந்து பார்த்துக்கொண்டாள். முசம்மன் புர்ஜ் என்ற எண்கோணக் கோபுரத்தின் பக்கம் நின்றால் ஆற்று வளைவுக்கு அப்பால் தாஜ் தெரியும். அங்கே மட்டும் பெரியவர் எதுவும் விளக்கவில்லை, பார்க்கவிட்டார்.

திவானே ஆம் என்ற தர்பார் மண்டபத்துக்கு எதிரே புல்வெளியில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறை இருக்கிறது. ஜான் ரஸ்ஸல் கால்வின், வடமேற்கு மாகாணங்களின் லெப்டினன்ட் கவர்னர். 1857 கலகத்தின்போது கோட்டைக்குள் அடைந்திருந்த சமயத்தில் நோயில் இறந்தார், வெளியே கொண்டுபோக முடியாமல் அங்கேயே புதைத்தார்கள். முகலாய அரசவைக்கு நேர் எதிரே கம்பெனி அதிகாரி படுத்திருப்பதைப் பெரும்பாலான கைடுகள் கண்டுகொள்வதே இல்லை. கோட்டையின் பெரும்பகுதி இன்றும் ராணுவத்திடம்தான், நாம் பார்ப்பது ஒரு பகுதியைத்தான்.

பதேபூர் சிக்ரியையும் சேர்த்து ஒரே நாளில் காட்டுகிறோம் என்று சொல்லும் டூர்களை நான் தவிர்ப்பேன். ஆக்ராவிலிருந்து இன்னும் 35 கி.மீ.க்கு மேல். அங்குள்ள 54 மீட்டர் உயர வாயிலான புலந்த் தர்வாசாவின் படிகளில் ஓடி ஏறி ஓடி இறங்கவா போகிறோம்? அதற்குப் பதில் யமுனையின் மறுகரையில் இருக்கும் இத்மாதுத் தௌலாவைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். நூர்ஜஹான் தன் அப்பாவுக்குக் கட்டிய கல்லறை, 1628-ல் முடிந்தது, அதாவது தாஜுக்கு முன்பே. கல் பதிக்கும் வேலை அங்கே கைக்கெட்டும் உயரத்தில், கூட்டமே இல்லாமல் இருக்கிறது.

டிசம்பர், ஜனவரியில் போகிறவர்களுக்கு ஒன்று. விடியற்காலையில் தாஜ் பார்க்கலாம் என்று டூர்காரர்கள் ஆசை காட்டுவார்கள். அந்த மாதங்களில் மூடுபனி இறங்கினால் எதிரே நிற்கிற கட்டடமே தெரியாது, எக்ஸ்பிரஸ்வேயிலும் வண்டி ஊர்ந்துதான் போகும். தாஜ் டிக்கெட் மூன்று மணி நேரத்துக்குத்தான், பனி விலகட்டும் என்று உள்ளே காத்திருந்தால் நேரம் ஓடிவிடும். காலையில் கோட்டையையும் இத்மாதுத் தௌலாவையும் முடித்துவிட்டு மதியத்துக்கு மேல் தாஜுக்குப் போகும்படி கைடிடம் முதல் நாளே சொல்லி வையுங்கள்.