கோட்டால் கியர்பாக்ஸ்: மின்காந்தம் கியரைத் தாங்குமா?

பல்போன சக்கரம்:
1930களின் டெலஹே 135 காரைப் பற்றிப் படித்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே விரலால் தள்ளும் ஒரு குட்டி லீவர், அதுதான் கியராம். பிரான்சின் ழான் கோட்டால் வடிவமைத்த பெட்டி, உள்ளே மின்காந்தங்கள். ஆனால் 1914இலேயே அமெரிக்காவில் ஹெய்ன்ஸ் காரில் வல்கன் எலக்ட்ரிக் ஷிஃப்ட் என்று பட்டன் கியர் வந்து, நிலைக்காமல் போயிருக்கிறது. இரண்டிலும் காந்தம்தானே, ஏன் அது போய் இது ஓடியது?

கிரீஸ்கை:
காந்தத்துக்குக் கொடுத்த வேலை வேறு. வல்கனில் உள்ளே இருந்தது சாதாரண சறுக்கும் பல்சக்கரம். சொலினாய்ட், அதாவது கரண்ட் பாய்ந்தால் இரும்புத் தண்டை இழுக்கும் காந்தம், உங்கள் கைக்குப் பதிலாக சக்கரத்தை நகர்த்தும் ஃபோர்க்கை இழுத்தது, அவ்வளவுதான். காந்தத்துக்கும் இரும்புக்கும் இடைவெளி இரண்டு மடங்கானால் இழுவிசை ஏறக்குறைய கால்வாசியாகிவிடும், அதனால் நகரத் தொடங்கும்போதுதான் அது ரொம்பப் பலவீனம். அப்புறம் கை பல்லின் வேகத்தை உணர்ந்து காத்திருக்கும், சொலினாய்டுக்கு அதெல்லாம் தெரியாது. பற்களின் வேகத்தைத் தானே சமப்படுத்தும் சிங்க்ரோமெஷ் வந்ததே 1928 கேடிலாக்கில்தான்.

கோட்டாலில் பற்கள் எப்போதும் கோத்தே இருக்கும். இரண்டு பிளானட்டரி செட்: ஒவ்வொன்றிலும் நடுவில் சன் என்ற சக்கரம், அதைச் சுற்றிவரும் குட்டிச் சக்கரங்கள், அவற்றைத் தாங்கும் கேரியர், வெளியே ரிங் என்ற பல் வளையம். ஒவ்வொரு செட்டும் வேகத்தைக் குறைத்துச் சுற்றும் அல்லது மொத்தமாகப் பூட்டிக்கொண்டு சுற்றும், ஆக நாலு வேகம். காந்தம் எதையும் தூரத்திலிருந்து இழுக்க வேண்டாம், பக்கத்தில் இருப்பதைப் பிடித்தால் போதும்.

பல்போன சக்கரம்:
சரி, பிடிக்கட்டும். எஞ்சினின் முழு டார்க்கையும், அதாவது சுழற்றும் விசையையும், ஒரு காயில் (காந்தத்தின் கம்பிச்சுருள்) தாங்குமா?

கணக்குப்பிள்ளை:
முழுசாகத் தாங்க வேண்டியதில்லை, அங்கேதான் இருக்கிறது அழகு. ரிங் 60 பல், சன் 30 பல் என்று வையுங்கள். ரிங்கைச் சுற்றி, சன்னை நிறுத்தி, கேரியரில் வெளியே எடுத்தால் விகிதம் 1.5. நிறுத்தும் காந்தத்தின் மேல் விழுவது உள்ளே வரும் டார்க்கில் பாதி, அதாவது 200 நியூட்டன் மீட்டருக்கு 100.

இனி காந்தம். காந்தப் புலம் 1.5 டெஸ்லா என்றால் சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 9 கிலோ அழுத்தம், 100 சதுர சென்டிமீட்டர் முகம் இருந்தால் 900 கிலோ. உராய்வு 0.15, ஆரம் 10 செ.மீ. என்றால் 135 நியூட்டன் மீட்டர் வரை வழுக்காது. முதல் கியரில் இரண்டாவது செட்டுக்கு ஏற்கெனவே பெருகிய டார்க் வரும், அங்கே காந்தம் இன்னும் பலமாக இருக்க வேண்டும்.

ஷெட்காரன்:
நம் கார் ஏசி கம்ப்ரசர் கிளட்சும் இதே சாதிதான், ‘டக்’கென்று ஒட்டுகிறதே, அது. போன கோடையில் ஒரு வண்டி காலையில் நன்றாகக் குளிரும், மத்தியானம் டிராஃபிக்கில் நின்றால் கிளட்ச் ஒட்டாது. கேஸ், ரிலே எல்லாம் பார்த்து அரை நாள் வீண். கடைசியில் தேய்மானத்தால் இடைவெளி கூடியிருந்தது, காயில் சூடானால் மின்தடை ஏறி கரண்ட்டும் குறையும். இடைவெளியை வைக்கும் மெல்லிய தகடான ஷிம் ஒன்றை எடுத்தேன், ஒட்டிவிட்டது.

பல்போன சக்கரம்:
இப்போது புரிகிறது. ஓடும்போது கரண்ட் போனால்?

கிரீஸ்கை:
பிடி விட்டு நியூட்ரல்தான். இன்னொரு கூத்து, ரிவர்சுக்குத் தனி லீவர் என்பதால் பின்னோக்கியும் நாலு கியர் உண்டு.

ஷெட்காரன்:
ரிவர்சில் நாலாவது கியர் போட்டுப் பார்க்கிற ஆளை முதலில் காட்டுங்கள்.