வேக கிளிக் பழகியவர்கள் உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

மைன்கிராஃப்ட் கேமின் 1.8 வெர்ஷனில் பிவிபிக்காகத்தான் (ஆட்டக்காரர்கள் ஒருவரோடு ஒருவர் மோதும் சண்டை) ஜிட்டர் கிளிக் பழகினேன். முன்கையை இறுக்கி, அதில் எழும் நடுக்கத்தை விரல் நுனி வழியாக மவுஸ் பட்டனில் இறக்குவதுதான் ஜிட்டர். நொடிக்கு 6, 7 என்று இருந்த கிளிக் சீக்கிரமே 10-ஐத் தாண்டிவிட்டது. ஆனால் ஜெயிப்பது அந்த அளவுக்குக் கூடவில்லை. கை நடுங்கினால் குறியும் நடுங்கும். கிராஸ்ஹேர் (திரை நடுவில் இருக்கும் குறி) எதிராளி மேல் நிற்காவிட்டால் எத்தனை கிளிக் விழுந்து என்ன பயன்?

இன்னொரு காரணம் கேமுக்குள்ளேயே இருக்கிறது. கேம் தன் நிலையை நொடிக்கு 20 முறை புதுப்பிக்கிறது, ஒவ்வொன்றும் ஒரு டிக். ஒரு அடி வாங்கியவருக்கு அடுத்த 10 டிக், அதாவது அரை நொடிக்கு, அதே பலமுள்ள இன்னொரு அடி ஏறாது. அந்த அரை நொடி முடிந்ததுமே அடுத்த அடி விழுந்துவிடும் என்பதுதான் வேக கிளிக்கால் கிடைக்கும் லாபம். இது புரிந்ததும் பயிற்சியை மாற்றிக்கொண்டேன். எதிராளியைக் குறி தவறாமல் தொடர்வது, ஒவ்வொரு அடிக்கும் முன்னே நகர்த்தும் டபிள்யூ கீயை ஒரு கணம் விட்டு மறுபடி அழுத்தி ஸ்பிரிண்டை, அதாவது வேக ஓட்டத்தை, புதுப்பிப்பது, இவ்வளவுதான். ஸ்பிரிண்டோடு விழும் அடியில் எதிராளி தள்ளிப்போய் விழுவார், அவரால் திருப்பி அடிக்க எட்டாது.

கணினியில் ஆடும் ஜாவா எடிஷனில் 2016 பிப்ரவரியில் 1.9 வெர்ஷன் வந்தபின் கதையே வேறு. வாள் முழு பலத்துக்குத் திரும்ப 0.625 நொடி ஆகும், அதற்குள் கிளிக் செய்தால் அடி வலுவிழந்துவிடும். புது வெர்ஷன் மட்டும் ஆடுகிறவர்கள் ஜிட்டருக்காகக் கையை வருத்திக்கொள்ளவே வேண்டாம்.

*

நான் பட்டர்ஃபிளை. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் ஒரே பட்டனில் மாறி மாறித் தட்டும். ஜிட்டர் அளவுக்குக் குறி ஆடாது.

மவுஸ் மாற்றியதும் என் எண்ணிக்கை சட்டென்று இறங்கிவிட்டது. காரணம் டீபவுன்ஸ். சுவிட்சுக்குள் இருக்கும் உலோகத் தகடு தொட்டவுடன் நிலைக்காமல் சில முறை துள்ளும். அதையெல்லாம் தனித்தனி கிளிக்காக எண்ணிவிடாமல் இருக்க மவுஸுக்குள் ஓடும் ஃபர்ம்வேர் சில மில்லிநொடி காத்திருக்கும். புது மவுஸில் இந்தக் காத்திருப்பு அதிகம். மவுஸோடு வந்த சாஃப்ட்வேரில் அதைக் குறைத்தேன், எண்ணிக்கை ஏறியது. ஆனால் டெஸ்க்டாப்பில் ஃபைலை இழுத்துக்கொண்டு போனால் பாதி வழியில் நழுவி வேறு ஃபோல்டரில் விழ ஆரம்பித்தது. இப்போது கேமுக்கு ஒரு புரொஃபைல், மற்ற வேலைக்கு ஒரு புரொஃபைல்.

டிராக் கிளிக்கும் செய்வேன், கேமில் பிளாக் வைத்து பிரிட்ஜ் கட்டும்போது மட்டும். விரலை அழுத்தியபடி பட்டன் மேல் இழுத்தால் உராய்வில் பட்டன் அதிர்ந்து கிளிக் கொட்டும். விரலில் வியர்வை இருந்தால் வழுக்கிவிடும், துடைத்துக்கொள்ளுங்கள். சில சர்வர்களில் கிளிக் வேகத்துக்கு வரம்பு உண்டு, ஆடுவதற்கு முன் விதிகளைப் பார்த்துவிடுங்கள்.

*

மேலே இருவரும் வலியைப் பற்றிச் சொல்லவில்லையே? ஜிட்டர் பழகிய நாட்களில் எனக்கு முழங்கைக்குக் கீழே இறுகி, இரவில் விரல்கள் மரத்துப்போகும். அன்றே நிறுத்திவிட்டேன். இப்போது சாதாரண கிளிக்தான், கை லேசாக இருக்கிறது, குறியும் சுத்தம். மரத்துப்போதல் வந்து, ஓய்வுக்குப் பிறகு மறுபடி ஜிட்டருக்குத் திரும்பியவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எவ்வளவு இடைவெளி விட்டீர்கள், வலி திரும்ப வந்ததா?