வகுப்புக்கு முன்னால் வேலைக்குப் போகலாமா?

*குடும்பக் குழு, ஞாயிற்றுக்கிழமை*

கயல்: எல்லாருக்கும் வணக்கம். ஒரு சந்தேகம். இங்கே கனடாவில் எனக்கு வகுப்பு செப்டம்பர் 8-இல்தான் தொடங்குகிறது. இன்னும் மூன்று வாரம் சும்மாதான் இருக்க வேண்டும். அறைக்குப் பக்கத்தில் ஒரு கடையில் ஆள் எடுக்கிறார்கள், நாளைக்கே வரச் சொன்னார்கள். போகலாமா?

பெரியப்பா: போம்மா. கைச்செலவுக்கு ஆகும். தனியாக உட்கார்ந்திருந்தால் வீட்டு நினைப்புதான் வரும்.

அருண் அண்ணா: தாராளமாகப் போ கயல். நான் பிரிட்டனுக்கு மாஸ்டர்ஸ் படிக்க வந்தபோது கோர்ஸ் தொடங்கும் முன்பே முழு நேர வேலை பார்த்தேன். சட்டப்படிதான். அப்புறம் வகுப்பு நடக்கும் நாட்களில் மட்டும் வாரம் 20 மணி நேரம்.

தீபா அக்கா: அருண், அவள் இருப்பது கனடா. உன் விதி அவளுக்குப் பொருந்துமா என்று தெரியாமல் சொல்லாதே. இங்கே ஆஸ்திரேலியாவில் கோர்ஸ் தொடங்கும் வரை ஒரு மணி நேரம்கூட வேலை செய்யக் கூடாது. தொடங்கிய பிறகு இரண்டு வாரத்துக்கு 48 மணி நேரம்.

செல்வி அத்தை: கயல், கடைக்காரரிடம் சரி என்று சொல்லிவிடாதே. ஷிப்ட் முடிந்து வந்து எழுதுகிறேன்.

அப்பா: செல்வி, அவளுடைய ஸ்டடி பெர்மிட்டிலேயே (படிப்பதற்கான அனுமதிச் சீட்டு) வேலை செய்யலாம் என்று அச்சடித்திருக்கிறது. ஏர்போர்ட்டில் கொடுத்ததும் எனக்குப் படம் அனுப்பினாள். வாரம் 24 மணி நேரம், விடுமுறையில் முழு நேரம். இப்போது விடுமுறைதானே?

செல்வி அத்தை: வந்துவிட்டேன். அண்ணா, அதே வரியை இன்னொரு முறை படித்துப் பாருங்கள். "குடிவரவு விதிகளில் 186-ஆவது விதியில் சொன்ன தகுதிகள் இருந்தால்" என்ற பொருளில் ஒரு நிபந்தனை இருக்கும். முதல் தகுதியே முழு நேர மாணவராகப் படிப்பைத் தொடங்கியிருக்க வேண்டும் என்பதுதான். கையில் பெர்மிட் இருப்பதால் மட்டும் அந்தத் தகுதி வந்துவிடாது. படிப்பு தொடங்கும் நாளில் இருந்துதான் வேலை செய்யலாம்.

விடுமுறை என்பதும் இரண்டு செமஸ்டருக்கு நடுவில் வருவது. அதற்கு முன்னும் பின்னும் முழு நேரமாகப் படித்திருக்க வேண்டும். முதல் செமஸ்டருக்கு முந்தைய நாட்கள் அந்தக் கணக்கில் வராது.

அப்பா: ஓ. அந்த நிபந்தனையை நான் கவனிக்கவில்லை.

அருண் அண்ணா: கல்லூரி வளாகத்துக்குள்ளே வேலை கிடைத்தால்? அமெரிக்காவில் அப்படி முன்கூட்டியே சேரலாம் என்று கேள்விப்பட்டேன்.

செல்வி அத்தை: அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் புதிதாக வருபவர்கள் படிப்பு தொடங்கும் நாளுக்கு 30 நாள் முன்பிருந்து வளாக வேலையில் சேரலாம். வெளி வேலை முதல் வருடம் கிடையாது. கனடாவில் வளாக வேலைக்கு மணிக் கணக்கு வரம்பு இல்லை. ஆனால் அதற்கும் படிப்பு தொடங்கியிருக்க வேண்டும். ஒவ்வொரு நாட்டுக்கும் ஒவ்வொரு விதி. அருண் செய்தது அவன் நாட்டில் முழுக்கச் சரி, அதையே கயல் இங்கே செய்தால் தப்பு.

கயல்: அத்தை, கடைக்காரர் இன்னொன்றும் சொன்னார். "இப்போது சம்பளம் இல்லாமல் டிரெயினிங் மாதிரி வா, வகுப்பு தொடங்கியதும் சேர்த்துக் கொடுத்துவிடுகிறேன்" என்றார். சம்பளமே வாங்காவிட்டால் அது வேலை ஆகாது இல்லையா?

செல்வி அத்தை: இதுதான் எனக்குப் பெரிய கவலை. குடிவரவுச் சட்டத்தில் வேலை என்றால் சம்பளமோ கமிஷனோ வாங்குவது மட்டும் இல்லை. கனடாக்காரர் ஒருவர் சம்பளத்துக்குச் செய்யக்கூடிய வேலையை நீ இலவசமாகச் செய்தாலும் அது வேலைதான். கல்லாவில் நிற்பதும் சாமான் அடுக்குவதும் அப்படித்தான். அதுவும் அவர் பின்னால் பணம் தருவதாகச் சொல்லியே கூப்பிடுகிறார். அது எப்படி சம்பளம் இல்லாத வேலை ஆகும்?

சட்டத்தை விடு. மூன்று வாரம் உழைத்த பிறகு அவர் பணம் தராவிட்டால் நீ யாரிடம் கேட்பாய்? வேலை செய்ததையே வெளியில் சொல்லப் பயப்படுவாய். அந்தப் பயத்தை நம்பித்தான் சிலர் புதிதாக வந்த பிள்ளைகளைக் கூப்பிடுகிறார்கள். என் கண் முன்னாலேயே பார்த்திருக்கிறேன், நெஞ்சு கொதிக்கும்.

பெரியப்பா: பிடிபட்டால் என்ன ஆகும் செல்வி? அபராதமா?

செல்வி அத்தை: அபராதம் என்றால்கூடக் கட்டிவிடலாம் பெரியண்ணா. அனுமதி இல்லாமல் வேலை செய்தால் மாணவர் என்ற தகுதியே போகலாம், நாட்டை விட்டுப் போகச் சொல்லலாம். அடுத்த ஸ்டடி பெர்மிட்டோ, படித்து முடித்த பிறகு கேட்கும் வொர்க் பெர்மிட்டோ மறுக்கப்படலாம். மூன்று வாரச் சம்பளத்துக்காக அவ்வளவையும் பணயம் வைக்க வேண்டாம்.

தீபா அக்கா: கயல், கையில் பணம் இருக்கிறதா? அதை முதலில் சொல்.

கயல்: இருக்கிறது அக்கா. ஜிஐசி கணக்கை, அதுதான் செலவுக்காக வங்கியில் முன்கூட்டியே போட்ட பணத்தை, திறந்தாயிற்று, முதல் தவணை வந்துவிட்டது. மீதி மாதாமாதம் வரும். வாடகையை நினைத்துத்தான் அவசரப்பட்டேன்.

அப்பா: வாடகையைப் பற்றி நீ யோசிக்காதே. இந்த மாதம் நான் அனுப்புகிறேன்.

செல்வி அத்தை: சரி, இந்த மூன்று வாரத்தில் செய்ய வேண்டிய வேலை நிறைய இருக்கிறது. வேலை தேடுவதில் தப்பே இல்லை. விண்ணப்பம் போடு, இண்டர்வியூவுக்குப் போ, வேலை கொடுத்தால் ஒத்துக்கொள். சேரும் தேதி மட்டும் படிப்பு தொடங்கிய பிறகு இருக்கட்டும். ஓரியண்டேஷனை (புது மாணவர் அறிமுக நிகழ்ச்சியை) நீயே தொடக்கம் என்று வைத்துக்கொள்ளாதே. எது தொடக்க நாள் என்று கல்லூரியின் சர்வதேச மாணவர் அலுவலகத்தில் மெயில் போட்டுக் கேள், பதிலைப் பத்திரமாக வை.

அதற்குள் சர்வீஸ் கனடா என்ற அரசு அலுவலகத்துக்குப் போய், வேலையில் சேரத் தேவையான சின் நம்பர் (சமூகக் காப்பீட்டு எண்) வாங்கிவிடு. ஸ்டடி பெர்மிட், பாஸ்போர்ட் இரண்டும் அசல் வேண்டும். காசு கிடையாது, வாங்கித் தருகிறேன் என்று யாராவது பணம் கேட்டால் கொடுக்காதே. ஒன்பது இலக்கம், உனக்கு 9-இல் தொடங்கும். வேலையில் சேர்ந்தபின் முதலாளிக்குத் தவிர கண்டவர்களுக்கும் காட்டாதே. "இப்போதைக்கு வேறொருவர் நம்பரில் வேலை செய்" என்று சொல்லும் இடத்தில் நிற்கவே நிற்காதே.

அருண் அண்ணா: அத்தை, கனடாவிலும் வாரத்துக்கு 20 மணி நேரம் என்று யாரோ சொன்னார்களே, 24 எப்போது வந்தது?

செல்வி அத்தை: 2024 நவம்பர் 8-இல் மாறியது. பழைய வீடியோக்களில் 20 என்றுதான் இருக்கும். வளாகத்துக்கு வெளியே இரண்டு இடத்தில் வேலை பார்த்தாலும் இரண்டையும் சேர்த்துத்தான் 24, கயல் இதைக் குறித்துக்கொள்.

கயல்: குறித்துக்கொண்டேன் அத்தை. கடைக்காரருக்கு இப்போதுதான் மெசேஜ் போட்டேன். டிரெயினிங்குக்கு வர முடியாது, வகுப்பு தொடங்கிய பிறகு சம்பளத்தோடு என்றால் வருகிறேன் என்று எழுதினேன்.

பெரியப்பா: என்ன சொன்னார்?

கயல்: பார்த்துவிட்டார், பதில் இல்லை. பரவாயில்லை பெரியப்பா, வேறு இடம் தேடுகிறேன். நாளைக்குக் காலையில் சர்வீஸ் கனடா போகிறேன்.

செல்வி அத்தை: எட்டரைக்கு முன்னால் போய் வரிசையில் நில். ஆகஸ்டில் கூட்டம் அதிகம்.